கொங்கு நாட்டுக் குடும்பத்துக்கு ஆல் வீல் டிரைவ் வண்டி: தேவையா, எந்த வகை, எந்த இன்ஜின்? முழுமையான வழிகாட்டி

பெட்ரோலா டீசலா என்று முடிவு செய்துவிட்டு, கடைசியில் 'நாலு சக்கரமும் இழுக்கிற மாடல் இருக்கா?' என்று கேட்பதுதான் ஷோரூமில் வழக்கம். அந்த வரிசை நம் சந்தைக்குச் சரிப்படாது. ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்று சொன்ன நொடியிலேயே இன்ஜின் தேர்வு பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி700-ல் அது டீசல் ஆட்டோமேட்டிக்கோடு மட்டும்தான், 200 பி.எஸ். பெட்ரோலுக்குக் கிடையாது. மாருதி கிராண்ட் விட்டாராவில் 1.5 லிட்டர் சாதாரணப் பெட்ரோலோடு உண்டு, பெட்ரோலோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டி அதிக மைலேஜ் தரும் ஸ்ட்ராங் ஹைபிரிடோடு இல்லை. ஸ்கோடா கோடியாக், ஃபோக்ஸ்வாகன் டிகுவான் ஆர்-லைன் இரண்டும் 2.0 டர்போ பெட்ரோல் மட்டும். இன்னோவா ஹைகிராஸ், கிரிஸ்டா இரண்டிலும் இங்கே ஆல் வீல் டிரைவே இல்லை.

ஆகவே நாலு சக்கரத்துக்கும் இழுவை வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இன்ஜின் பிறகு. வெளிநாட்டில் இதற்கென்றே இருக்கும் தாழ்வான ஸ்டேஷன் வேகன்கள் நம் ஊரில் ஏறக்குறைய கிடையாது. அந்த வேலையை 5 அல்லது 7 இருக்கை எஸ்யூவிதான் செய்கிறது. இந்த வழிகாட்டியும் அவற்றைப் பற்றியதே.

படி 1: உங்கள் தடத்தை அளந்து பாருங்கள்

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27, ஏற்காட்டுக்கு 20. இந்த மலைப்பாதைகளில் எல்லாம் அரசுப் பேருந்து பின்சக்கர இழுவையை மட்டும் வைத்துக்கொண்டுதான் தினமும் ஏறி இறங்குகிறது. தார் ரோடு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும், அதற்காக மட்டும் ஆல் வீல் டிரைவுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. முன்சக்கர இழுவை வண்டியில் ஆள் நிறைய உட்கார்ந்து மழையில் வளைவில் ஏறும்போது, பாரம் பின்னால் சாய்ந்து முன்சக்கரம் ஒரு கணம் வெறுமனே சுற்றுவது உண்மைதான். டிராக்ஷன் கன்ட்ரோலும் நல்ல டயரும் அதைச் சமாளித்துவிடும்.

தார் முடிந்த பிறகு வரும் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் உண்மையான கேள்வி. தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) போகும் இட்டேரி என்ற மண் தடம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசன) வாய்க்கால் கரைத் தடம், எஸ்டேட் பங்களாவுக்கு ஏறும் கல் பாதை. அதை இப்படி அளந்து பாருங்கள்: இரண்டு சக்கரத் தடங்களின் மேலும் படுகிற மாதிரி ஒரு நேரான மரச்சட்டத்தைக் குறுக்கே வையுங்கள். நடுமேடு இடித்துச் சட்டம் உட்காரவில்லை என்றால், இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். செங்கல் உயரத்திலிருந்து, சட்டத்துக்கும் மேட்டு உச்சிக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தால் மேட்டின் உயரம் வந்துவிடும். அதோடு 50 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் வண்டியின் அடிப்பாகம் அந்த உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் கிரவுண்ட் கிளியரன்ஸ் எண் பெரும்பாலும் காலி வண்டிக்கு அளந்தது. ஆள் ஏறினால் பின்பக்கம் பல வண்டிகளில் 30 மி.மீ.க்கு மேல் இறங்கிவிடும். அடி தட்டி நின்றுவிட்ட வண்டியை எத்தனை சக்கரம் இழுத்தாலும் நகராது. அங்கே உயரம்தான் மருந்து.

அடுத்து மண். செம்மண் தடம் மழை விட்ட சில மணி நேரத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். அங்கே இரண்டு சக்கர இழுவையே போதும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் அப்படி அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆனாலும் பிசினாக ஒட்டும். டயரின் வரிகளை அடைத்து, டயரையே மொழுமொழுவென்று ஆக்கிவிடும். கரிசல் தடத்தில் மழைக்காலத்திலும் வாரம் இரண்டு மூன்று முறை போக வேண்டியவர்களுக்கு ஆல் வீல் டிரைவ் உண்மையிலேயே தேவை. தோட்டத்து வாய்க்காலைக் கடக்கிறவர்களுக்கும், ஈரப் பாறைத் தடம் ஏறுகிறவர்களுக்கும் அப்படியே.

இவை எதுவும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் படி 2-ஐ விட்டுவிட்டு இன்ஜினுக்குப் போய்விடலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

படி 2: மூன்று வகை, மூன்று வேலை

முதல் வகை, தேவைக்கேற்ப இழுக்கும் ஆல் வீல் டிரைவ். எக்ஸ்யூவி700, கிராண்ட் விட்டாரா, அதன் இரட்டையான டொயோட்டா ஹைரைடர், ஜீப் காம்பஸ், டிகுவான், கோடியாக் எல்லாம் இந்த வகை. சாதாரணமாக முன்சக்கரம் இழுக்கும். அது வழுக்கினால், பின் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங்குக்குள் கிளட்ச் தட்டுகள் இறுகி, பின்சக்கரத்துக்கும் சக்தி போகும். ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. ஈரத் தார், சேறு, புல் தரை என்று எங்கும் ஓட்டலாம்.

இதன் பலவீனம் சூடு. சேற்றில் சிக்கிய வண்டியை ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து எடுக்கப் பார்த்தால் கப்ளிங் தட்டுகள் கொதித்துப்போகும். கன்ட்ரோல் யூனிட் அதைக் காப்பாற்றப் பின்சக்கர இழுவையை அறுத்துவிட்டு டேஷில் எச்சரிக்கை காட்டும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: காலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிடுவது. கிராண்ட் விட்டாராவில் 'லாக்' மோடு உண்டு. சேற்றில் இறங்கும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள். சிக்கிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான்.

இரண்டாவது வகை, பார்ட் டைம் 4x4: ஸ்கார்ப்பியோ-என் 4x4, ஃபார்ச்சூனர் 4x4, தார் ராக்ஸ் 4x4. தார் ரோட்டில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். நாலு சக்கரத்தையும் சேர்க்கும் 4-ஹை நிலையைப் போட்டால் முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட மாதிரி ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிகத் தூரம் போக வேண்டும் என்பதால், காய்ந்த தாரில் 4-ஹை போட்டுத் திருப்பினால் ஸ்டியரிங் இறுகும், வண்டி குதிக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின் அடிவாங்கும். 'மலை ஏறுகிறோமே' என்று ஊட்டி ரோட்டில் 4-ஹை போடுவது இந்த வகை வண்டியைக் கெடுக்கும் நேர்வழி.

இந்த வகையின் பெருமை 4-லோ, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர். ஆள் நடக்கும் வேகத்தில் பாரத்தோடு கல் பாதை ஏற, அதைவிட முக்கியமாக பிரேக் மிதிக்காமல் இறங்க, அதற்கு மாற்று கிடையாது. வால்பாறை, கோத்தகிரி, ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. லோ ரேஞ்ச் இல்லாத வண்டியில் செங்குத்துக் கல் தடத்தைத் தினமும் ஊர்ந்து ஏறினால் கியர்பாக்ஸ் எண்ணெய்தான் கொதிக்கும்.

மூன்றாவது, முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் வைத்த மின்சார வண்டி. டாடா ஹாரியர் இவி-யின் இரட்டை மோட்டார் மாடல். நடுவில் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போகும் புரொபெல்லர் ஷாஃப்ட், கப்ளிங் எதுவும் இல்லை என்பதால் தேய்வதற்கும் ஒன்றுமில்லை. வழுக்கலுக்கு மற்ற இரண்டையும்விட விரைவாகப் பதில் சொல்லும்.

படி 3: இன்ஜினை மலை உயரத்தில் வைத்து எடை போடுங்கள்

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கிராண்ட் விட்டாராவின் ஆல் வீல் டிரைவ் மாடலான ஆல் கிரிப்பின் 1.5 லிட்டர் இன்ஜினுக்கு 103 பி.எஸ்., அதன் உச்ச முறுக்கு விசை 136.8 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,400 ஆர்.பி.எம்.-மில். ஊட்டியில் அதன் கையில் இருப்பது 80 பி.எஸ். அளவுக்குத்தான். ஐந்து பேர், பெட்டிகள், ஏ.சி. என்று சேர்ந்தால் பர்லியாறு தாண்டியதிலிருந்து இரண்டாவது கியரில் இன்ஜின் இரைந்துகொண்டே இருக்கும். வண்டி ஏறும். முந்துவதுதான் கஷ்டம். சமவெளித் தோட்டத்துக்கு இதே வண்டி அருமையான தேர்வு: எடை குறைவு, சேற்றில் அதிகம் புதையாது, டீசல் வில்லங்கம் எதுவும் இல்லை.

டர்போ இன்ஜின், குறைந்த காற்றைக் கூடுதலாக அழுத்தி அனுப்பி இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். எக்ஸ்யூவி700 டீசல் ஆட்டோமேட்டிக் 185 பி.எஸ்., 450 நியூட்டன் மீட்டர். அந்த 450-ம் 1,750 ஆர்.பி.எம்.-மிலேயே கிடைப்பதால் கொண்டை ஊசியிலிருந்து வெளிவரும்போது மிதிக்கவே தேவையில்லை. ஃபார்ச்சூனர் 2.8 டீசல் ஆட்டோமேட்டிக் 204 பி.எஸ்., 500 நியூட்டன் மீட்டர். ஸ்கார்ப்பியோ-என் டீசலில் ஆட்டோமேட்டிக்குக்கு 400, மேனுவலுக்கு 370 நியூட்டன் மீட்டர். 7 பேர் ஏறி மலைக்குப் போகும் குடும்பத்துக்கு டர்போ இல்லாத பெட்ரோலைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இனி டீசலின் மறுபக்கம். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் வாங்கி அவதிப்படுகிறவர்கள் அதிகம்.

பிஎஸ்6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. கரி நிரம்பியதும் இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளித்து, அந்தச் சூட்டில் கரியை எரிக்கும். அதற்கு இன்ஜின் சூடாகி, 60 கி.மீ.க்கு மேல் சீரான வேகத்தில் 20 முதல் 25 நிமிடம் ஓட வேண்டும். ஆர்.எஸ்.புரத்திலிருந்து காந்திபுரம், பிள்ளைகளின் பள்ளி, மறுபடி வீடு என்று 4 கி.மீ., 5 கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் அது ஒருபோதும் முழுதாக நடக்காது. எரிப்பு நடக்கும்போது ஐடில் ஆர்.பி.எம். கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் விசிறி உரக்கச் சுற்றும், உடனடி மைலேஜ் எண் சடாரென்று விழும். அந்த நேரத்தில் வண்டியை அணைக்காதீர்கள். அடிக்கடி பாதியில் அணைத்தால், தெளித்த டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கும். மாதம் ஒருமுறை, சமதரையில், இன்ஜின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவது எல்லோருக்கும் தெரிந்த கவலை. இங்கே மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால்தான் ஆபத்து. மோந்து பார்த்தால் டீசல் வாடை வரும். சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

நகரத்திலேயே ஓடும் டீசல் வண்டிக்கு வாரம் ஒருமுறை பைபாஸ் ஓட்டம் கட்டாயம். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை போய் வந்தாலே போதும். அல்லது சேலம் ரோட்டில் பெருந்துறை வரை. கியரைக் குறைத்து 2,000 ஆர்.பி.எம்.-மில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல டீசல் மாடல்களில் ஆட்புளூ என்ற யூரியா கரைசலுக்குத் தனித் தொட்டி உண்டு. அது தீர்ந்துவிட்டால், அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. முத்திரை உடையாத கேனாக வாங்குங்கள். தவறியும் டீசல் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

டர்போ பெட்ரோலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. குடிக்கும், அவ்வளவுதான். மலையில் லிட்டருக்கு 7, 8 கி.மீ. என்பது 2.0 டர்போவுக்கு இயல்பு.

மின்சார வண்டிக்கு மலைக் கணக்கு தனி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 50 கி.மீ. தூரம், ஏற்றம் 1,900 மீட்டர். ஆட்களோடு 2,700 கிலோ வரும் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். உருளும் செலவும் இழப்பும் சேர்த்தால் 23 முதல் 25 யூனிட். 75 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இறங்கும்போது கணிசமான பங்கு திரும்ப வரும். ஆனால் ஊட்டியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திரும்பும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. 80, 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: பணக் கணக்கு

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டர்போ பெட்ரோல் லிட்டருக்கு 10 கி.மீ., டீசல் 13 கி.மீ. என்றால், கிலோமீட்டருக்கு 10.10-க்கு எதிராக 7.15, மிச்சம் ஏறக்குறைய 3 ரூபாய். டீசல் மாடல் வரியோடு சேர்த்து 1.8 லட்சம் கூட என்றால், 60,000 கி.மீ. ஓடிய பிறகுதான் அந்தப் பணம் திரும்பும். ஆண்டுக்கு 15,000 ஓட்டுகிறவருக்கு 4 ஆண்டு. 8,000 ஓட்டுகிறவருக்கு ஏழரை ஆண்டு. ஆண்டுக்கு 10,000-க்குக் கீழே ஓட்டி, ஆல் வீல் டிரைவும் தேவைப்படாதவர் டீசல் பக்கம் போகவே வேண்டாம்.

தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் பாருங்கள். 20 லட்சத்துக்குக் கீழே விகிதம் குறைவு, 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். ஆல் வீல் டிரைவ் பெரும்பாலும் மேல்தட்டு வேரியன்ட்டில்தான் வருவதால் இந்தக் கோட்டைத் தாண்டுவது சகஜம். 19.5 லட்சம் வண்டியை விட்டு 20.5 லட்சம் வண்டிக்குப் போனால் வரியும் சேர்ந்து ஏறும். ஒரு லட்சம் வித்தியாசம் என்று நினைத்தது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

படி 5: சோதனை ஓட்டத்தை நீங்கள் நடத்துங்கள்

அவினாசி ரோட்டில் ஒரு யூ-டர்ன் போட்டுக் கொண்டுவந்து விடுவது சோதனை ஓட்டம் அல்ல. வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும், அப்பிச்சி அம்மிச்சி உட்பட, ஏற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்களோ அவர்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த வரிசையை நிமிர்த்தினால் பெரும்பாலான வண்டிகளில் பின்னால் இரண்டு பைக்குத்தான் இடம். ஏற்றத்துக்குக் கோவைக்காரர்களுக்கு மருதமலை, ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னிமலை, நாமக்கல் பக்கம் திருச்செங்கோடு, சேலத்துக்கு ஏற்காட்டு அடிவார வளைவுகள்.

ஏற்றத்தில் முழுதாக நிறுத்தி, பிரேக்கை விட்டுக் கிளம்பிப் பாருங்கள். பின்னால் உருளக் கூடாது. இரண்டாவதாக, காலி இடத்தில் ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். தேவைக்கேற்ப இழுக்கும் வகையில் நடுக்கமோ 'கடகட' சத்தமோ வந்தால் கப்ளிங்கோ டயரோ சரியில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். மூன்றாவதாக, இறங்கும்போது மேனுவல் மோடில் இரண்டாவது கியரில் விட்டுப் பாருங்கள். பிரேக் இல்லாமல் வண்டி தன்னைப் பிடித்துக்கொள்கிறதா, தானாக மூன்றாவதற்குத் தாவுகிறதா என்று கவனியுங்கள்.

இறக்கம் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். 4-லோவில் ஊர்ந்து இறங்குவது தவிர, நாலு சக்கர இழுவை ஏறுவதற்குத்தான் உதவும். பிரேக் தூரத்தை ஓர் அடிகூடக் குறைக்காது. ஈர வளைவில் வேகமாக வந்தால் எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் வழுக்கும். ஹைபிரிட் வாங்குகிறவர்களுக்கும் இதில் சேதி உண்டு: 2,200 கிலோ வண்டி ஊட்டியிலிருந்து இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 11 யூனிட்டுக்கு மேல், ஹைகிராஸ் பேட்டரியின் கொள்ளளவோ 2 யூனிட்டுக்கும் குறைவு. முதல் சில வளைவிலேயே பேட்டரி நிரம்பிவிடும். இறக்கத்துக்கான இன்ஜின் பிரேக் நிலையில் போட்டு இன்ஜினைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். இன்ஜின் உறுமுவது கோளாறு அல்ல. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து பெடல் உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

படி 6: டயர், எண்ணெய்

தேவைக்கேற்ப இழுக்கும் வண்டியில் நாலு டயரும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம். இதில் விட்டுக்கொடுக்க முடியாது. முன்னால் புதுசு, பின்னால் பழசு என்றால் சுற்றளவு மாறும்; கப்ளிங் 'சக்கரம் வழுக்குகிறது' என்று எண்ணி ஓயாமல் இறுகித் தேயும். வரி ஆழ வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்கட்டும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் பஞ்சர் கடை வரைக்கும் மட்டும்.

கரிசல் தடத்துக்குப் போகிறவர்கள் ஆல் டெரைன் டயர் போடுங்கள். அகலமான வரி மண்ணை உதறிவிடும். இரண்டு சக்கர இழுவை வண்டியில் நல்ல ஆல் டெரைன் டயர், தேய்ந்த ஹைவே டயர் போட்ட ஆல் வீல் டிரைவைச் சேற்றில் தோற்கடிக்கும். சேற்றில் இறங்கும் முன் காற்றை 33-லிருந்து 24 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் பிடிப்பு தெளிவாகக் கூடும். தார் ஏறியதும் திரும்ப அடித்தாக வேண்டும் என்பதால் 12 வோல்ட் கம்ப்ரசர் வண்டியிலேயே கிடக்கட்டும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் டிஃபரென்ஷியல், கப்ளிங் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். மாற்றும் கெடு உரிமையாளர் கையேட்டில் இருக்கும், சேற்றில் ஓடும் வண்டிக்குக் கடினப் பயன்பாட்டுக் கெடுவைப் பின்பற்றுங்கள். ஆக்ஸில் முழுகும் தண்ணீரில் இறங்கி வந்திருந்தால் டிஃபரென்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது. சாளையில் நிற்கும் வண்டிக்கு எலித் தொல்லை தனி. சென்சார் ஒயர் ஒன்றைக் கடித்தாலே நாலு சக்கர இழுவை நின்றுவிடும்.

படி 7: பழைய வண்டியும், வழியில் நின்றால் செய்ய வேண்டியதும்

பழைய காம்பஸ் 4x4, எக்ஸ்யூவி500 ஆல் வீல் டிரைவ் கொங்கு மண்டலத்தில் அவ்வப்போது விலைக்கு வரும். நாலு டயரும் நாலு பிராண்டாக இருந்தால் விலை பேசும் முன்பே யோசியுங்கள். வண்டியை ரேம்ப்பில் தூக்கி, கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து புரொபெல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்திலும் பின் டிஃபரென்ஷியல் வாயிலும் எண்ணெய்க் கசிவு பாருங்கள். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது.

வண்டி வழியில் நின்றுவிட்டால், தேவைக்கேற்ப இழுக்கும் ஆல் வீல் டிரைவை முன்பக்கம் மட்டும் தூக்கி, பின்சக்கரம் ரோட்டில் உருள இழுத்துப் போக விடாதீர்கள். தரையில் உருளும் சக்கரம் ஷாஃப்டைச் சுற்ற, கப்ளிங் உள்ளே எரிந்துவிடும். நாலு சக்கரமும் மேலே நிற்கும் பிளாட்பெட் லாரிதான் வர வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போதே சாலை உதவியில் பிளாட்பெட் உண்டா, வால்பாறை, கொல்லிமலை மேல் வரைக்கும் வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உதவி எண்ணைக் கூப்பிடும்போது 'ஆல் வீல் டிரைவ் வண்டி, பிளாட்பெட் அனுப்புங்க' என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.